வேலிக்கு அந்தப்பக்கத்து மரம்

பாத்துங்க அம்மிணி, காலை அந்தப் பக்கமா வெச்சுக்குங்க. சாக்குல முள்ளு இருக்குதுங்க. அடடா, குத்திருச்சா? எங்க, காட்டுங்க. ரத்தமெல்லாம் வரலை. சுருக்குனு இருக்கும், பஸ்ஸு குஞ்சப்பனை ஸ்டாப்பைத் தாண்டறதுக்குள்ள போயிரும். என் கையைப் பாருங்க. குத்திக் குத்தி தோலே தடிச்சுப் போச்சு, இப்பவெல்லாம் உறைக்கறதே இல்லை.

கோத்தகிரிதானுங்களே போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? காத்து சில்லுனு அடிக்குது. தெறந்தே இருக்கட்டுமா? செரி, இருக்கட்டும்.

இதுங்களா? முள்ளுக்காய்ங்க. இங்கிலீஷ்ல செஸ்ட்நட்டும்பாங்க. வெள்ளைக்காரன் அவனூருல இருந்து கொண்டாந்து வெச்ச மரம். காயி பச்சையா பந்தாட்ட இருக்கும், சுத்தியும் முள்ளு. கண்டக்டருகூட கேக்கறாரு, ஏனுங்கம்மா முள்ளம்பன்றிக் குட்டியைப் புடிச்சுட்டுப் போறீங்களான்னு. அவருக்கு ரொம்பத்தான் வாயி. புரட்டாசி வந்தா தானா வெடிச்சு விழும். உள்ள ரெண்டு மூணு கொட்டை, நல்ல பழுப்பா, எண்ணெ தேச்சு விட்டாப்பல மினுமினுன்னு. உப்புப் போட்டு வேக வெச்சா பலாக்கொட்டைக்கும் சக்கரவள்ளிக் கெழங்குக்கும் நடுவுல ஒரு ருசி. ஒருக்கா தின்னவங்க விடமாட்டாங்க.

உங்களுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கலாம்னா உள்ள ஒண்ணுமில்லீங்க. எல்லாம் பொக்கு. நெலக்கடலையில பொக்கு வருமில்லீங்க, ஓடு மட்டும் நல்லா இருக்கும், உள்ள சருகு. அதேதான். சாக்கு முழுக்க பொக்கு.

அப்புறம் எதுக்கு இதைச் சொமந்துட்டுத் திரியறாளேன்னு பாக்கறீங்க. வாயைத் தெறந்து கேக்கலைன்னாலும் மூஞ்சியிலயே தெரியுதுங்களே. சொல்றேன். இந்த வளைவெல்லாம் ஏறி முடியறதுக்குள்ள சொல்லீருவேன். எல்லாத்துக்கும் ஒருத்திதாங்க காரணம். தங்கமணின்னு பேரு. என்ற ஓரகத்தி. எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி சம்சாரம்.

எங்க மாமனாரு எஸ்டேட்டுல மேஸ்திரியா இருந்தவரு. தொரை கப்பலேறிப் போகையில பங்களாவை ஒட்டுன பூமியில கொஞ்சத்தை இவருக்கு விட்டுட்டுப் போனாராம். அதுலதான் ரெண்டு முள்ளுக்காய் மரம். பக்கத்துப் பக்கத்துல நிக்கும். மேல கெளையெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து கெடக்கும். மாமனாருக்கு மகனுங்களும் ரெண்டு பேரு. அவரு இருந்த வரைக்கும் எது யாரு மரம்னு யாரும் கேட்டதில்லை, விழுகறதைப் பொறுக்குனோம், தின்னோம். அவரு போனதும் பாகம் பிரிச்சாங்க. மாரியம்மன் கோயில்ல வெச்சு திருவுளச்சீட்டுப் போட்டாங்க. பெரிய மரம் இருக்கற பக்கம் சின்னவருக்கு விழுந்துச்சு. சின்ன மரம் இருக்கற பக்கம் பெரியவருக்கு. அன்னைக்கு அம்மனுக்கே கண்ணு செரியாத் தெரியலையாட்ட இருக்குது. எங்க வீட்டுக்காரரு "ஆத்தா குடுத்தது, வாங்கிக்குவோம்"னு சிரிச்சுக்கிட்டே வந்துட்டாரு. அந்த மனுசன் எதுக்குத்தான் சிரிக்கலை? நாந்தான் அடுத்த வாரமே ரெண்டு மரத்துக்கும் நடுவுல கம்பி வேலி போடச் சொன்னேன். யாரு பக்கம் எதுன்னு தெரியோணுமில்லீங்க.

தங்கமணியைப் பத்திச் சொல்லோணும்னா, கெட்டவன்னு நான் சொல்லமாட்டேன். யாரும் சொல்லமாட்டாங்க. அதுதானே தொந்தரவே. எந்நேரமும் சிரிச்ச மூஞ்சி. "அக்கா, அக்கா"ன்னு வேலிக்கு அந்தப்பக்கத்துல இருந்து கொழம்பு, ரசம், ஊறுகாய்னு எதையாச்சும் நீட்டிக்கிட்டே இருப்பா. அவளுக்குக் கொழந்தை இல்லீங்க. நான் டீ பேக்டரிக்கு வேலைக்குப் போயிட்டிருந்தேன். எம்புள்ள சுகந்தியை காலையில அவகிட்ட விட்டுட்டுப் போனா பொழுது சாஞ்சுதான் வந்து தூக்குவேன். குளிப்பாட்டறது, சோறூட்டறது, பேன் பாக்கறது, பள்ளிக்கூடத்துல விடறது எல்லாம் அவதான். அதுக்கென்ன இப்ப? சும்மாதானே இருந்தா. அவளுக்கும் பொழுது போகோணுமில்ல. ஒரு கொழந்தையை மடியில வெச்சுக் கொஞ்சற பாக்கியம் எங்களாலதானே அவளுக்குக் கெடச்சுது. அதை நெனச்சுப் பாக்கோணுமில்ல அவ?

பாத்துங்க, வளைவு. கம்பியைப் புடிச்சுக்குங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? மரம். அவ மரம் பெரிய மரமுங்களா, தொந்தரவும் பெருசு. மார்கழி வந்தா அத்தனை எலையும் எங்க வாசல்லதான். கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பே ஒடிஞ்சு போகும். எங்க மரத்து எலையும் விழும்தான், இல்லைங்கலை. அது எங்க எலை, எங்க வாசல்ல விழுகுது. அவ எலை எதுக்கு எங்க வாசலுக்கு வரோணும்? வைகாசியில பூக்கும் பாருங்க. அது பூவாங்க? பூனை வாலாட்ட நீட்டு நீட்டமா தொங்கும். ஒரு வாடை வேற. அதுல இருந்து மஞ்சப் பொடி பறக்கும். எங்க பறக்கும்? நேரா எங்க பக்கம்! காயப்போட்ட துணிமேல, தண்ணித் தொட்டிமேல, எங்க மரத்துமேல. எங்க மரத்துப் பூவெல்லாம் அவ மரத்துப் பொடியைப் பூசிக்கிட்டு நிக்கும். நான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுவேன், "அவ மரத்து அழுக்கு பூராவும் நம்ம மரத்துல வந்து ஒட்டுது, அதாங்க நம்ம மரம் பெருசாகவே மாட்டேங்குது"ன்னு. அவரு பேப்பரைப் பாத்துட்டு உம்பாரு. அப்புறம் எருவு. நான் வண்டியில சாணியெருவு எறக்கி எங்க மரத்தடியில போட்டா, அவ மரத்து வேரு வேலிக்கு அடியில வந்து உறிஞ்சிட்டுப் போயிரும். அது காய்க்காம என்ன பண்ணும்?

எங்க மரமும் காய்ச்சுதுங்க. பொய் சொல்லக் கூடாது. வருசம் தவறாம காய்க்கும். ஒரு காயிகூட பொக்கு இருக்காது. அவளுது கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

சுகந்தியைத் திருப்பூருல குடுத்தோமுங்க. நல்ல எடம். பனியன் கம்பெனி வெச்சிருக்காங்க. மொத தீபாவளி நோம்பிச் சீருக்கு எல்லாரும் குடுக்கற பலகாரத்தோட ஒரு கூடை முள்ளுக்காயும் கொண்டு போனோம். கொட்டையைக் கத்தியில கீறிட்டுத்தான் வறுக்கோணும்னு சம்பந்தியம்மாகிட்டச் சொன்னேன். அவங்க எங்க கேட்டாங்க? அப்படியே வாணலியில போட்டுட்டு டீவி பாக்கப் போயிட்டாங்க. பட்டு பட்டுனு வெடிச்சு, மேல இருந்த மூடி பறந்து, வீட்டுல இருந்த பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு ஓடியாந்துட்டாங்க. ஆனா பொறுக்கித் தின்னு பாத்தாங்க பாருங்க, அன்னையில இருந்து அவங்களுக்கு வேற பலகாரமே கண்ணுல படலை. "உங்க சம்பந்தி சீரு வந்துருச்சா"ன்னு அந்தத் தெருவே கேக்குமாம். எம்புள்ளைக்கு அந்த வீட்டுல ஒரு கௌரவமுன்னா அது இந்த முள்ளுக்காயிலதான் வந்துச்சு. நான் குடுத்த நகையில வரலீங்க, இதுலதான் வந்துச்சு.

அப்படி இருக்கையில போன வருசம் சம்பந்தியம்மா ஒறம்பரையா, விருந்துக்கு எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் வேக வெச்சுக் குடுத்தேன். தின்னாங்க. சும்மா இருப்பாளா தங்கமணி? அவளும் ஒரு கிண்ணத்துல வேக வெச்சு வேலிமேல நீட்டுனா. அதையும் தின்னாங்க. தின்னுட்டு என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "சின்னவங்க வீட்டுதுதான் நல்லாப் பெருசா, இனிப்பா இருக்குது. அடுத்த சீருக்கு இதுலயே கொண்டாங்க"ன்னு. என்ற வீட்டுல, என்ற நாற்காலியில உக்காந்துட்டு, என்ற புள்ளைக்கு மாமியாரு சொல்றாங்க. தங்கமணி சிரிக்கறா. "ரெண்டும் ஒண்ணுதானுங்க அக்கா"ங்கறா. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை.

மறுவாரமே மனு குடுத்துட்டேன்.

எங்க மலையில சும்மா மரத்தை வெட்டிர முடியாதுங்க. ஆபீசருங்க வந்து பாத்து எழுதிக் குடுக்கோணும். மனுவுல என்ன எழுதறதுன்னு யோசிச்சேன். கெளை கூரைமேல விழுந்துரும்னு எழுதுனேன். கரண்டுக் கம்பின்னு எழுதுனேன். அதெல்லாம் எல்லாரும் எழுதறதுதானே, படிக்கறவங்களுக்கு மனசு எளகோணுமில்ல? அதனால கடைசியில ஒண்ணு சேத்தேன். எங்க வீட்டுக்கு நாளைக்குப் பேரப்புள்ள வந்து வாசல்ல தவழும், அந்த மரத்து முள்ளு பிஞ்சுக் கையில குத்தும், அதனால கருணை காட்டோணும்னு எழுதுனேன். அப்ப சுகந்திக்கு மாசமே ஆகலீங்க. இருந்தாலும் ஆகத்தானே போகுது. பொய்யில்லையே.

ஆபீசருங்க வந்தாங்க. அப்ப முள்ளுக்காய் விழுகற சமயம். தங்கமணிக்கு அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னே தெரியலை. யாரோ பெரிய ஆளுங்க வாசல்ல நிக்கறாங்களேன்னு சேரைப் போட்டு, காப்பி வெச்சு, முள்ளுக்காயை வேக வெச்சு உரிச்சும் குடுத்துட்டா. அவங்களும் சப்புக்கொட்டித் தின்னுட்டு, கையைத் தொடச்சுட்டு, அந்த மரத்தை வெட்டலாம்னே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலீங்க. சமையக்கட்டுல போயி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டேன்.

ஆர்டர் காயிதத்துல நான் மனுவுல எழுதுனதெல்லாம் இருந்துச்சு, அதைப் படிச்சுட்டு அவ வேலியோரமா வந்து நின்னா. சண்டைக்கு வருவான்னுதான் நான் சேலையைச் சொருகிக்கிட்டு நின்னேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? "முள்ளு இவ்வளவு தொந்தரவா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தெனமும் வந்து கூட்டி அள்ளியிருப்பேனே அக்கா." அவ்வளவுதான். போயிட்டா. எத்தனை அழுத்தம் பாருங்க! நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கும் மனசு ஆறியிருக்கும். ஒரு வார்த்தை ஏசாம என்னைக் கெட்டவளாக்கிட்டுப் போறா.

தையில வெட்டுனாங்க. விழுந்தப்ப எங்க வீட்டு ஓடெல்லாம் அதிர்ந்துச்சு. வெறகுல பாதியை எங்களுக்கே அனுப்பி வெச்சா. அதுவாச்சும் உருப்படியான்னா இல்லை, அடுப்புல வெச்சா படபடன்னு வெடிச்சு நெருப்புப் பொறி சேலையில தெறிக்குது. இருந்தாலும் ஒண்ணு சொல்லோணுமுங்க, எங்க வாசலுக்கு நல்லா வெயிலு வந்துச்சு. எங்க மரம் தனியா, ராசாவாட்ட நின்னுச்சு.

பங்குனியில பாக்கறேன், அந்தப் பக்கத்து அடிக்கட்டையில சுத்தியும் துளிரு! ஒண்ணு ரெண்டு இல்லீங்க, கொத்துக் கொத்தா. செத்துப்போன மரமுங்க அது. எம்மேல இருக்கற வீம்புக்குன்னே மொளைக்குது. தங்கமணி அதுக்குக் குச்சி நட்டு, ஆடு கடிக்காம முள்ளுப்படல் வெச்சு, வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தறா. அவ ஒரு நாளு அவினாசிக்கு, பொறந்த ஊருக்குப் போனா. நான் வேலியைத் தாண்டிப் போயி சீமெண்ணெயையும் உப்பையும் கரைச்சு ஊத்திட்டு வந்துட்டேன். வேலையை ஆரம்பிச்சா முடிக்கோணுமில்லீங்க, அரைகுறையா விடற பழக்கம் எனக்கு இல்லை. எல்லாம் கருகிப் போச்சு. அவ வந்து பாத்தா. என்னையும் பாத்தா. வேலிப்பக்கம் கிண்ணம் நீட்டறது அன்னையோட நின்னுச்சு.

சேச்சே, நான் அதுக்கு வருத்தப்படலீங்க. ரசம் எனக்கும்தான் வெக்கத் தெரியும்.

இந்த வருசம் எங்க மரத்துல காயி புடிச்சுது பாருங்க, அந்த மாதிரி நான் பாத்ததே இல்லை. கெளைக்குக் கெளை பச்சைப் பந்து. பாத்தீங்களா, அவ மரம் போனதும் எருவு பூரா எங்களுக்குத்தான்னு வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். கண்ணு பட்டுரும்னு பிஞ்ச செருப்பு ஒண்ணு, பூசணிக்காயி ஒண்ணு மரத்துல கட்டித் தொங்கவிட்டேன். அப்ப சுகந்திக்கு அஞ்சாம் மாசம். எனக்குத் தலைகால் புரியலை. சுகந்தி போன்ல கேக்கறா, "அம்மா, எனக்கு வேற எதுவுமே புடிக்கலை, முள்ளுக்காயி வேணும், வேக வெச்சது வேணும்"னு. வயித்துப்புள்ளைக்காரி கேட்டா சும்மாங்களா? "வளைகாப்புக்கு ஒரு சாக்கே கொண்டாறேன் சாமி"ன்னு சொல்லிட்டேன். தெருவெல்லாம் சொல்லியாச்சு.

புரட்டாசியில விழுக ஆரம்பிச்சுது. காலுல மிதிச்சுப் பிரிச்சா, பொக்கு. அடுத்ததைப் பிரிச்சா, அதுவும் பொக்கு. மூணு தோலு ஒட்டிக்கிட்டு தகடாட்ட இருக்குது. ஒரு கூடையைப் பிரிச்சுட்டேன். ஒண்ணுலகூட பருப்பு இல்லை.

நர்சரிக்குத் தோட்டக்கலை படிச்ச தம்பி ஒருத்தரு வந்திருந்தாரு. கொண்டு போயிக் காட்டுனேன். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பக்கத்துல இதே மரம் வேற எதாச்சும் இருக்குதுங்களாம்மா?"ன்னாரு. இருந்துச்சுன்னேன். "இப்ப?" இல்லைன்னேன். "அதாங்கம்மா. இந்த மரம் தன்னோட பூம்பொடியை தானே ஏத்துக்காது. இன்னொரு மரத்துப் பொடி காத்துல வந்து விழுந்தாத்தான் உள்ள பருப்புப் புடிக்கும். இல்லைன்னா முள்ளும் தோடும் மட்டும் நல்லா உருண்டு வரும், உள்ள இப்படித்தான்"னாரு.

மரத்துக்குப் பக்கத்து வீட்டு மரம் வேணுமாம்! எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலை. அந்த மஞ்சப் பொடிதான் எங்க மரத்துக்குச் சோறு போட்டுச்சாம். படிச்சவங்க எதையாச்சும் சொல்லோணுமேன்னு சொல்றது. அப்புறம் சொல்றாரு, "வெட்டுன அடிக்கட்டை துளிரு விடுமுங்கம்மா, இது லேசுல சாகற ஜாதி இல்லை. துளிரைக் காப்பாத்தி விட்டீங்கன்னா சில வருசத்துல பூத்துரும், உங்க மரமும் பழையபடி காய்க்கும்"னு. சீமெண்ணெய் ஊத்துனதை எதுக்கு அவருகிட்டச் சொல்லோணும்? கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்ற ஆளு நான் இல்லீங்க. அப்புறமா விசாரிச்சேன், அந்தத் தம்பிக்குச் சொந்த ஊரு அன்னூராம். இவளுக்கு அவினாசி. ஒரே பஸ்ஸு ரூட்டு. இப்பப் புரிஞ்சுதுங்களா? சொல்லிக் குடுத்துப் பேச வெச்சிருக்கா.

எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. வாழைத்தாரைக் கட்டி மூட்டம் போட்டா பழுக்குதில்லீங்களா, அந்த மாதிரி மரத்துல பச்சையா இருக்கறதைப் பறிச்சு சாக்குல இறுக்கிக் கட்டி அடுப்படியில வெச்சா சூட்டுக்கு உள்ள பருப்புத் திரண்டுரும்னு நெனச்சேன். வீட்டுக்காரரு, "இல்லாதது எங்கடி இருந்து திரளும்?"னாரு. வருசம் பூரா வாயே தெறக்காத மனுசன், தெறந்தா இப்படித்தான். அவரு கெடக்கறாருன்னு கட்டி வெச்சேன். பிரிச்சுப் பாக்கலை. பிரிச்சா சூடு போயிரும் பாருங்க.

இன்னைக்குத்தாங்க திருப்பூருல வளைகாப்பு. அங்க இருந்துதான் வர்றேன்.

தங்கமணிக்கு நான் சொல்லலை. கொழந்தை இல்லாதவளை வளைகாப்புக்கு எப்படிங்க கூப்பிடறது? நான் சொல்றதில்லை, ஊரே அப்படித்தான் நடந்துக்குது. அவளும் தெரிஞ்சவதானே, வரமாட்டான்னு நெனச்சேன். போயிப் பாத்தா மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்திருக்கா. சுகந்தியே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கா. கொழுந்தனாரு காரு பேசிக் கூட்டியாந்திருக்காரு.

செரி, இருந்துட்டுப் போகட்டும்னு நான் சீர்த்தட்டையெல்லாம் வரிசையா வெச்சேன். நடுவுல சாக்கு. சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி வந்துட்டாங்க, "முள்ளுக்காய் சீரு வந்துருச்சு"ன்னு. சுகந்தி மூஞ்சியைப் பாக்கோணுமே. சின்னப்புள்ளையாட்ட, "இப்பவே ஒண்ணு பிரிம்மா"ங்கறா. பிரிச்சேன். பொக்கு. சிரிச்சுட்டே அடுத்ததை எடுத்தேன். பொக்கு. சம்பந்தியம்மா குனிஞ்சு ஒண்ணு எடுத்தாங்க, அவங்க தங்கச்சி ஒண்ணு எடுத்தாங்க. எல்லாரும் பிரிக்கறாங்க, தரையெல்லாம் முள்ளுத்தோடு, ஒருத்தி கையிலயும் பருப்பு இல்லை. மோளக்காரன் வாசிக்கறதை நிறுத்திட்டு எட்டிப் பாக்கறான். சம்பந்தியம்மா தங்கச்சி இருக்காளே, அவ வாயில நல்லதே வராது, சத்தமாச் சொன்னா: "வயித்துப்புள்ளைக்காரி முன்னால ஒரு சாக்கு பொக்கைக் கொண்டாந்து கொட்டறாளே, பெத்தவளா இவ?"

எனக்குக் காதெல்லாம் அடைச்சுப் போச்சுங்க. அது வரைக்கும் எனக்கு அந்த நெனப்பே வரலை. சத்தியமா வரலை. எம்புள்ளைக்குக் கெடுதல் நெனப்பேனுங்களா நானு?

அப்ப சுகந்தி எந்திரிச்சா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, கடைசி வரிசையைப் பாத்து, "சித்தி, நீங்க வாங்க. மொத வளையலை நீங்க போடுங்க"ன்னா. நான் சொன்னேன், "சாமி, அது வழக்கமில்லை, பெத்தவ நான் இருக்கேன்"னு. அவ என்னைப் பாக்கவே இல்லை. தங்கமணி நகரலை. "நான் எதுக்குடா கண்ணு, அம்மா போடட்டும்"ங்கறா. இவ கையை நீட்டிக்கிட்டு நிக்கறா. எத்தனை நேரம் நிப்பா புள்ளத்தாச்சி? கடைசியில சம்பந்தியம்மாவே போயி தங்கமணியைக் கையைப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க. போட்டா. பச்சைக் கண்ணாடி வளையலு.

அதோட போச்சுங்களா? வளையலைப் போட்டுட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதானே மொறை? எல்லாம் எடுத்து வெச்சு, "வா சாமி, கெளம்பலாம்"னு கூப்பிட்டேன். "நான் சித்தி வீட்டுக்குத்தாம்மா போறேன்"னா. அதே வாசலு, நடுவுல ஒரு கம்பி வேலி, அதுக்கு அந்தப்பக்கம் போறாளாம்! ஏன்டீன்னு கேட்டேன். அவ கோபமெல்லாம் படலீங்க. கோபப்பட்டாலாச்சும் நான் ரெண்டு போட்டிருப்பேன். மெதுவாத்தான் சொன்னா: "நீதானேம்மா மனுவுல எழுதுனே, கொழந்தைக்கு முள்ளு குத்தும்னு. உன் வாசல்ல இன்னும் முள்ளு விழுந்துட்டுத்தான் இருக்குது. சித்தி வாசல்லதான் முள்ளே இல்லை. தவழறதுக்கு அங்கதான் நல்லது."

காருல எடம் இருந்துச்சுங்க. தங்கமணி கதவைத் தெறந்து வெச்சுக்கிட்டு, "அக்கா வாங்க, நெருக்கி உக்காந்துக்கலாம்"னா. நான் போவேனா? எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. முன் சீட்டுல. சிரிச்சுக்கிட்டே. நான் சாக்கைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வழியில எங்கயாச்சும் கொட்டீருக்கலாம்தான். எதைக் கொட்டறதுன்னே தெரியலை, அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்.

இல்லீங்க, அழுகலை. வளைவுல எனக்கு எப்பவுமே கண்ணுல தண்ணி வரும். செரி, அழுகறேன்னுதான் வெச்சுக்குங்க. பெத்த வயிறு எரியாதுங்களா? மொதப் பிரசவம் அம்மா வீட்டுல இல்லாம அடுத்த வீட்டுல. அவ வலியெடுத்துக் கத்துனா எனக்குக் கேக்கும். கொழந்தை அழுதா கேக்கும். கேட்டுட்டு வேலிக்கு இந்தப்பக்கம் நிக்கோணும். கையில வாங்கறவ அவளா இருப்பா.

தண்ணி வேண்டாமுங்க, இருக்குது.

வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டேன். நான் யோசிச்சா செரியாத்தான் யோசிப்பேன். நாளைக்குக் காலையில ஆபீசு தெறந்ததும் போறேன். அதே ஆபீசு, என்னை அவங்களுக்கு நல்லாத் தெரியும். எங்க மரத்தையும் வெட்டோணும்னு மனு குடுத்துர்றேன். வேரோட தோண்டி எடுக்கச் சொல்லீர்றேன். வாசலைக் கூட்டி, சாணி போட்டு மெழுகி, ஒரு முள்ளு இல்லாம வெச்சுர்றேன். முள்ளு இருக்குதுன்னுதானே சொன்னா? வேற எதுவும் அவ சொல்லலையே. நான் நல்லாக் காது குடுத்துக் கேட்டேன், வேற ஒரு வார்த்தை சொல்லலை.

ஏனுங்க அம்மிணி, நீங்களே சொல்லுங்க. மரத்தை வெட்டிட்டா எம்புள்ள வந்துருவா இல்லீங்க?